ஒரே மாதிரி முடியும் ஆங்கில வார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். நர்சிங் படிக்கிற பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தாங்களே படிக்க வரும் அம்மாக்கள் என்று எல்லோரும் கலந்து உட்காருவார்கள். யார் வந்தாலும் கொஞ்ச நாளில் ஒரே சந்தேகத்துக்கு வந்து சேருகிறார்கள். இத்தனை வார்த்தைகள் ஏன் ஒரே மாதிரி முடிகின்றன? முடிவு ஒன்று என்றால் அர்த்தமும் ஒன்றா? அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே தருகிறேன்.

“வார்த்தைய முழுசாப் படிக்காம வாலை மட்டும் புடிச்சா அர்த்தம் கெடைக்குமா டீச்சர்?”

பாதி கிடைக்கும். அந்தப் பாதியே பெரிய உதவி. நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். கருங்குளம், ஆலங்குளம் என்று காதில் விழுந்ததுமே அங்கே ஒரு குளம் இருக்கிறது, இல்லாவிட்டால் முன்பு இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. நாங்குநேரி, சீவலப்பேரி என்றால் ஏரி. பத்தமடையில் மடை. திசையன்விளையில் வரும் விளை, மேட்டு நிலத் தோட்டம். நாம் போகாத ஊராக இருந்தாலும் பெயர் முடிகிற இடத்தை வைத்தே அங்கே தரை எப்படி, தண்ணீர் எப்படி என்று ஊகித்துவிடுகிறோம்.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். வார்த்தையின் கடைசியில் ஒட்டும் துண்டைப் பின்னொட்டு என்கிறோம். ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம் சம்பந்தப்பட்ட வார்த்தைகளில் அது பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்திருக்கும். வீடு, ஊர், வேலை சம்பந்தப்பட்டவற்றில் பழைய ஆங்கிலத்தின் சொந்தத் துண்டாக இருக்கும்.

“‘லஜி’ன்னு முடிஞ்சா எல்லாமே ஏதோ ஒரு படிப்புதானே?”

பத்துக்கு எட்டு அப்படித்தான். பயாலஜி, ஜுவாலஜி, ஜியாலஜி, கார்டியாலஜி எல்லாம் தமிழில் ‘இயல்’ என்று முடியும்: உயிரியல், விலங்கியல், நிலவியல், இதயவியல். ஆனால் அதன் மூலமான லோகோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பேச்சு, சொல், காரணம் என்று பல பொருள் உண்டு. அதனால்தான் அப்பாலஜி என்பது படிப்பாக இல்லை. முதலில் அது தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லும் பேச்சு. பிறகுதான் மன்னிப்பு என்ற பொருள் வந்தது. இறந்தவரைப் புகழ்ந்து பேசும் யூலஜியும், மூன்று பாகமாக வரும் கதையான டிரைலஜியும் இந்தப் பேச்சு வழியில் வந்தவைதான்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். லஜிக்கு முன்னால் பெரும்பாலும் ‘ஓ’ எழுத்துதான் வரும். மினராலஜி, ஜீனியாலஜி இரண்டிலும் ‘ஏ’. காதுக்கு வித்தியாசம் தெரியாது. பரீட்சையில் இந்த இரண்டும்தான் பலருடைய மதிப்பெண்ணைக் குறைக்கின்றன.

“ஆஸ்பத்திரிச் சீட்டுல ‘ஐட்டிஸ்’, ‘எக்டமி’ன்னு எழுதுதாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

ஐட்டிஸ் என்றால் நோய், எக்டமி என்றால் ஆபரேஷன். ஐட்டிஸ் ஓர் உறுப்பு வீங்கிச் சிவந்து ரணப்பட்டிருப்பதைச் சொல்கிறது. அழற்சி என்பது அதற்கான தமிழ். டான்சிலைட்டிஸ் தொண்டைச் சதையில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், ஹெப்படைட்டிஸ் கல்லீரலில். நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் கண்நோய்க்கு டாக்டர் எழுதுவது கன்ஜங்டிவைட்டிஸ். கிரேக்கத்தில் இந்த ஐட்டிஸுக்கு ‘அதைச் சேர்ந்தது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மூட்டைச் சேர்ந்த நோய், கல்லீரலைச் சேர்ந்த நோய் என்று சொல்லிச் சொல்லி, பிற்காலத்து மருத்துவர்கள் அதை அழற்சிக்கு என்றே ஒதுக்கிவிட்டார்கள். எக்டமியில் ‘எக்’ என்றால் வெளியே, ‘டோமே’ என்றால் வெட்டுதல். வெட்டி வெளியே எடுப்பது. அப்பெண்டிசைட்டிஸ் வந்தவருக்கு அப்பெண்டெக்டமி செய்வார்கள்.

ஒருநாள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, பிளாஸ்டிக் கவரிலிருந்து மாமியாரின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். கல் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தாளில் ‘கோலிசிஸ்டெக்டமி’ என்று இருந்தது. விரலை ஒவ்வொரு துண்டாக நகர்த்திப் படிக்கச் சொன்னேன். கோலி என்றால் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக்டமி என்ற இடத்தில் விரல் நின்றது. “அப்போ கல்லை மட்டும் எடுக்கல, பையையே எடுத்திருக்காங்க” என்று அவரே சொன்னார். வகுப்பில் யாரும் அதற்குமுன் அந்த வார்த்தையைப் பார்த்ததில்லை.

ஹிஸ்ட்ரெக்டமி என்ற வார்த்தையைப் பெண்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஹிஸ்டர் என்றால் கர்ப்பப்பை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக்கு நீட்டும் தாளில் அது இருந்தால், கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். அது ஏன் தேவை, வேறு வழி உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

“அப்போ சுகர் வியாதி, டயாபடீஸும் அந்த ‘ஐட்டிஸ்’ கூட்டந்தானே?”

இல்லை. காதுக்குத்தான் ஒன்றுபோல் இருக்கிறது. அதன் கடைசி எழுத்துகள் ‘இ-டி-இ-எஸ்’, ஐட்டிஸுக்கு ‘ஐ-டி-ஐ-எஸ்’. டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடாகக் கடந்து போவது என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் நிற்காமல் சிறுநீராகப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து வைத்த பெயர்.

“‘டமி’ன்னா வெட்டுறதுன்னு சொன்னீங்க. அனாட்டமில எதை வெட்டுதாங்க? எக்கானமில எதை வெட்டுதாங்க?”

அனாட்டமி என்றால் கூறு கூறாக வெட்டுவது. உடலை அறுத்துப் பார்த்துத்தான் உடற்கூற்றைக் கற்றார்கள், அந்தச் செயலே பாடத்தின் பெயராகிவிட்டது. தமிழில் ‘கூறு’ என்று வைத்ததும் பொருத்தம். ‘ஆட்டம்’ என்று சொல்கிற அணுவிலும் இதே வெட்டுதான் இருக்கிறது: ‘அ’ என்றால் இல்லை, ‘டோமோஸ்’ என்றால் வெட்டப்பட்டது. மேற்கொண்டு வெட்ட முடியாதது.

நர்சிங் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. எக்டமி எடுத்துவிடுவது, ஒட்டமி வெறுமனே கீறித் திறப்பது, ஆஸ்டமி ஒரு வாய் வைப்பது. ஸ்டோமா என்றால் வாய். டிரக்கியாஸ்டமி செய்தவருக்குக் கழுத்தில் மூச்சுக்கு ஒரு வாய் இருக்கும். ஓரிரு எழுத்தில்தான் வித்தியாசம், ஆனால் நோயாளிக்கு நடப்பது முற்றிலும் வேறு.

எக்கானமி வேறு குடும்பம். அங்கே முடிவு ‘நமி’. நோமோஸ் என்றால் ஒழுங்கு, விதி, நிர்வாகம். ஓய்கோஸ் என்றால் வீடு. எக்கானமி என்றால் முதல் பொருள் வீட்டு நிர்வாகம். இதைச் சொன்னபோது அம்மாக்கள் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் அக்ரானமியில் வயலின் ஒழுங்கு, அஸ்ட்ரானமியில் நட்சத்திரங்களின் ஒழுங்கு. அஸ்ட்ராலஜி ஜோசியம், அஸ்ட்ரானமி வானியல். இந்த இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

“எங்க அப்பா உரக்கடையில வாங்குற டப்பால எல்லாம் ‘சைடு’ன்னு இருக்கு. அதுவும் ‘சூசைடு’ சைடும் ஒண்ணா?”

ஒன்றுதான். லத்தீனில் வெட்டுவது, கொல்வது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கொல்கிறவன், கொல்லும் செயல் இரண்டுக்கும் இந்த முடிவு பொருந்தும். தமிழில் இதற்கு அச்சாக நம்மிடம் ‘கொல்லி’ இருக்கிறது. இன்செக்டிசைடு பூச்சிக்கொல்லி, ஹெர்பிசைடு களைக்கொல்லி, ஃபங்கிசைடு பூஞ்சைக்கொல்லி. ஹோமிசைடு என்றால் மனிதக் கொலை. ஓர் இனத்தையே அழிப்பதற்கான ஜெனோசைடு என்ற வார்த்தை புதியது. போலந்து நாட்டைச் சேர்ந்த ராஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் கிரேக்க முன்பாதியையும் லத்தீன் பின்பாதியையும் சேர்த்து உருவாக்கினார், 1944-இல் அச்சில் வந்தது.

இதைக் கேட்டது முன்னீர்ப்பள்ளம் பக்கத்துப் பையன். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் ‘மருந்து’ என்றே சொல்கிறோம், மருந்து அடித்தாயிற்றா என்றுதான் கேட்போம். அதனால் டப்பா மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. களைக்கொல்லியைப் பூச்சிமருந்து என்று நினைத்துத் தெளித்தால் பயிர் போய்விடும். சைடுக்கு முன்னால் இருக்கும் துண்டை வீட்டுப் பிள்ளைகள் அப்பாவுக்குப் படித்துச் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கும் நிறக் குறியையும் காட்டிக்கொடுங்கள்: சிவப்பு மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் விஷம்தான்.

டிசைடு, கோஇன்சைடு இரண்டையும் கேட்பார்கள். டிசைடு இதே குடும்பம், யோசனையை வெட்டி ஒரு முடிவுக்கு வருவது. ‘வெட்டு ஒன்று துண்டு ரெண்டு’ என்று நாமும் சொல்கிறோமே. கோஇன்சைடு வேறு, அதில் இருப்பது விழுதல் என்று பொருள்படும் சொல். இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுவது.

“ஃபோபியான்னா பயம். நாய் கடிச்சா வர்ற நோய்க்கு எதுக்கு ஹைட்ரோஃபோபியான்னு பேரு?”

ஹைட்ரோ என்றால் தண்ணீர். வெறிநாய்க்கடி நோய் முற்றியவர்களுக்குத் தண்ணீரை விழுங்கப் போனாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், பிறகு தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குவார்கள். அதைப் பார்த்து வைத்த பெயர். அந்த நிலைக்கு வந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே நாய் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும். வார்த்தைப் பாடத்தில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள், இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இதையும் சொல்லாமல் விடுவதில்லை.

எல்லா ஃபோபியாவிலும் பயம் இருக்காது. ஃபோட்டோஃபோபியா வெளிச்சத்துக்குப் பயப்படுவது இல்லை, கண் கூசுவது. கெமிஸ்ட்ரியில் ஹைட்ரோஃபோபிக் என்றால் தண்ணீர் ஒட்டாதது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அந்த இலைதான் அதற்குச் சரியான உதாரணம். இதற்கு எதிர்ப்பதமான ஃபிலியா அன்பைக் குறிக்கும் முடிவு, ஆனால் ஹீமோஃபிலியா ரத்தம் உறையாமல் ஒழுகும் நோய். பின்னொட்டு திசையைக் காட்டும், சில சமயம் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுவிடும்.

“பேங்க்ல ‘நாமினி’ பேரு கேக்காங்க. நாமினியா யாரு, போடுறவங்களா போடப்பட்டவங்களா?”

போடப்பட்டவர். ‘அர்’ என்று முடிந்தால் செய்கிறவர், ‘ஈ’ என்று முடிந்தால் செய்யப்பட்டவர். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலை கொடுக்கப்பட்டவர் எம்ப்ளாயீ. செக்கில் இரண்டு கோடு போட்டு எழுதும் ‘அக்கவுண்ட் பேயீ’யில் பேயீ பணம் கொடுக்கிறவர் இல்லை, யாருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவர். பிரெஞ்சிலிருந்து சட்டத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த முடிவு இது.

அடமானப் பத்திரத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மார்ட்கேஜர் என்றால் பேங்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடன் கொடுத்தது பேங்க், சரி. ஆனால் அடமானத்தைக் கொடுத்தது நீங்கள். ஆகவே நீங்கள் மார்ட்கேஜர், அடமானம் பெற்றுக்கொண்ட பேங்க் மார்ட்கேஜி. ரெஃப்யூஜி, ஆப்சென்டீ போன்றவை இந்த விதிக்குள் வராது. காஃபியில் இருப்பது பின்னொட்டே இல்லை.

“கலெக்டர், தாசில்தார், டாக்டர் எல்லாம் ‘டர்’, ‘தார்’னு முடியுதே, ஒரே விகுதிதானா?”

கலெக்டரும் டாக்டரும் லத்தீன் வழி வந்தவை, முன் கேள்வியில் சொன்ன ‘செய்கிறவர்’ பொருள்தான், எழுதும்போது ‘ஓ-ஆர்’ வரும். டாக்டர் என்ற சொல்லுக்கு முதலில் கற்பிக்கிறவர் என்றே பொருள். தமிழில் பால்காரர், கடைக்காரர் என்பதில் வரும் ‘காரர்’ செய்யும் வேலையைத்தான் இந்த முடிவும் செய்கிறது.

தாசில்தார் ஆங்கிலமே இல்லை. ‘தார்’ என்பது பாரசீகம், வைத்திருப்பவர் என்று அர்த்தம். ஜமீன் என்றால் நிலம், நிலத்தை வைத்திருப்பவர் ஜமீன்தார். ஹவில்தார், சுபேதார் எல்லாம் இந்த வரிசை. தாசில் என்பது வசூலைக் குறிக்கும் அரபுச் சொல். வசூலைக் கையில் வைத்திருப்பவர் தாசில்தார். கலெக்ட் என்றாலும் வசூல்தான், வரி வசூலிக்கத்தான் கலெக்டர் பதவி உண்டானது. கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டருக்கும் தாலுகா ஆபீசில் இருக்கும் தாசில்தாருக்கும் அதிகாரம் வேறு, வார்த்தையின் பொருள் ஒன்று.

“ஈசிஜியில கடைசி ‘ஜி’ கிராமா, கிராஃபா?”

கிராம். எழுதப்பட்டது கிராம், எழுதும் கருவி கிராஃப், எழுதும் முறை கிராஃபி. நெஞ்சில் ஒட்டி எடுத்துக் கையில் கொடுக்கும் கோடு போட்ட தாள் எலக்ட்ரோகார்டியோகிராம், அதை எடுக்கும் மெஷின் எலக்ட்ரோகார்டியோகிராஃப். 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுபோன தந்தியிலும் அப்படித்தான்: வந்த தாள் டெலிகிராம், கருவி டெலிகிராஃப். ஃபோட்டோகிராஃபும் ஆட்டோகிராஃபும் இதற்கு விலக்கு.

“‘ஏபிள்’ போடும்போது ஏ வருமா ஐ வருமா?”

ஏபிளை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் முழு வார்த்தையாக நின்றால் பெரும்பாலும் ‘ஏ’: ரீடபிள், வாஷபிள், ஈட்டபிள். நிற்காவிட்டால் பெரும்பாலும் ‘ஐ’: விசிபிள், பாசிபிள், எடிபிள். ஃப்ளெக்ஸிபிள், ப்ராபபிள் இரண்டும் விதியை மீறும். புதிதாக உண்டாகும் வார்த்தைகளில், ரீசார்ஜபிள் மாதிரி, ‘ஏ’ தவிர வேறு வராது.

“டெமாக்ரசி ‘சி’யில முடியுது, இடியோசின்க்ரசி ‘எஸ்’ வருது. பிரிண்டிங் மிஸ்டேக்கா?”

இல்லை, இரண்டும் சரி. டெமாக்ரசி, பியூராக்ரசி, அரிஸ்டாக்ரசி ஆகியவற்றில் இருப்பது கிராட்டோஸ், ஆட்சி பலம். இடியோசின்க்ரசியில் இருப்பது கிராசிஸ், கலவை. ஒருவருக்கே உரிய குணக்கலவை என்பதால் அந்தப் பெயர்.

இதே மாதிரி வேஷம் போட்ட இன்னொன்று லைவ்லிஹுட். சைல்ட்ஹுட், மதர்ஹுட் ஆகியவற்றில் வரும் ஹுட், ஒரு நிலையைக் குறிக்கும் பழைய ஆங்கிலத் துண்டு. லைவ்லிஹுட்டின் பழைய வடிவத்தில் அது கிடையாது. ‘வாழ்க்கை’, ‘வழி’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. காலப்போக்கில் மற்ற ஹுட்களைப் பார்த்து இதுவும் அப்படி மாறிவிட்டது. பிழைப்புக்கு நாம் ‘பிழைக்க வழி’ என்கிறோம், அதே எண்ணம்.

“பரிட்சைக்கு நாள் இல்ல. எத்தனை பின்னொட்டு மனப்பாடம் பண்ணணும்?”

பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். கையில் கிடைக்கும் மருந்துச் சீட்டு, பேங்க் படிவம், உர மூட்டை என்று ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை எடுங்கள். வாலை விரலால் மூடித் தலையைப் பாருங்கள், பிறகு தலையை மூடி வாலைப் பாருங்கள். அர்த்தத்தை ஊகித்து நோட்டில் எழுதிவிட்டு, அதற்கப்புறம்தான் அகராதியைத் திறக்க வேண்டும். ஊகம் தப்பாகப் போன வார்த்தைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் அவற்றை மட்டும் படித்தால் போதும்.

“பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுதாங்க. இங்கிலீஷ்கார ஊர்ப் பேருக்கும் நம்ம ஊர் மாதிரி கடைசியில அர்த்தம் உண்டா?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஃபோர்டு என்றால் ஆற்றை நடந்தே கடக்கும் இடம். ஆக்ஸ்போர்டு, எருதுகள் ஆற்றைக் கடந்த இடம். தமிழில் இதற்குத் துறை என்று பெயர். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் முருகன் கோயில் மூழ்குமே, அந்தக் குறுக்குத்துறையின் துறைதான். பள்ளியும் கல்லூரியும் நிறைந்திருப்பதால் பாளையங்கோட்டைக்கு ஆக்ஸ்போர்டு என்று பட்டம் கொடுத்தார்கள். பெயரின் பொருளைப் பார்த்தால் குறுக்குத்துறைதான் ஆக்ஸ்போர்டுக்குச் சொந்தக்கார ஊர்.

பாளையங்கோட்டைக்கு ஜோடி மான்செஸ்டர், வின்செஸ்டர். செஸ்டர் என்பது லத்தீனில் படை தங்கும் முகாமைக் குறிக்கும் காஸ்ட்ரா. ரோமானியப் படை முகாம் போட்ட இடங்கள் செஸ்டர் ஆயின. பாளையம் என்றாலும் படை இறங்கியிருக்கும் இடம்தான். நாட்டிங்ஹாம், பர்மிங்ஹாம் என்பதில் வரும் ஹாம், வீடும் குடியிருப்பும். நம் பணகுடியின் குடிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அப்புறம் ‘டன்’. கென்சிங்டன், வெலிங்டன், வாஷிங்டன். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் அடைப்புப் போட்ட இடம். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறந்த சொல்லான ‘சௌன்’ இன்றைக்கும் வேலி என்றே பொருள் தருகிறது. அடைப்புக்குள் வீடுகள் பெருகி ஊராகி, அந்த டூன்தான் ‘டவுன்’ ஆனது. நம் ஊர்ப் பெயரில் நெல்லுக்குப் பின்னால் வருவதும் வேலி. காயப்போட்ட நெல்லை மழை அடித்துப் போகாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. ஜங்ஷனிலிருந்து ஈரடுக்குப் பாலம் ஏறிப் போகும் பஸ்ஸின் பலகையில் ‘திருநெல்வேலி டவுன்’ என்று பார்த்தால் இனிமேல் நின்று படியுங்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கும் அந்த ஊருக்கு, தமிழில் ஒரு வேலி, ஆங்கிலத்தில் ஒரு வேலி.